முதல் தீய எண்ணம் எங்கிருந்து வந்தது? சாத்தானுக்கும் முன்னால் போய்க் கேட்கும் இழை

கேள்விக்குறி

ஆதாம் ஏன் பாவம் செஞ்சான்? ஏவாள் கொடுத்தா. ஏவாள் ஏன் சாப்பிட்டா? பாம்பு ஏமாத்திச்சு. பாம்புக்குள்ள யாரு? சாத்தான். சாத்தான் ஏன் கெட்டுப்போனான்? பெருமை. சரி, அந்தப் பெருமை அவனுக்கு எங்கிருந்து வந்துச்சு?

இந்த இடத்துக்கு வந்ததும் எல்லாரும் "சுயாதீனம்"னு ஒரு வார்த்தையைச் சொல்லிட்டு எழுந்து போயிடறாங்க. எனக்கு அது போதல. சுயாதீனம் இருந்ததால அவனால பாவம் செய்ய முடிஞ்சது, ஒத்துக்கறேன். செய்ய முடியும்ங்கறதாலயே செஞ்சே தீரணும்னு இல்லையே? சாத்தான் மாதிரியே தூதனான மிகாவேலுக்கும் அதே சுயாதீனம்தான். அவர் விழல. ஒரே மாதிரி படைக்கப்பட்ட ரெண்டு பேர்ல ஒருத்தர் நிக்கறார், ஒருத்தன் விழறான். அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்துச்சு?

ஆதியாகமம் முதல் அதிகாரம் முடியறப்போ எல்லாமே "மிகவும் நன்றாயிருந்தது". கெட்டதுன்னு ஒண்ணு படைப்பில எங்கயும் இல்ல. வெளியில இருந்து வர்றதுக்கு தேவனைத் தவிர வெளியில எதுவும் இல்ல. அப்போ எங்கிருந்து?

நிலநடுக்கம், நோய் எல்லாம் இங்க வேண்டாம். அது வேற பேச்சு. இங்க பாவம் மட்டும், அதுலயும் முதல் பாவம் மட்டும்.

சும்மாவந்தவன்

ஏசாயா 14-ல தெளிவா இருக்கே சகோ. "நான் வானத்துக்கு ஏறுவேன்"னு ஆரம்பிச்சு அஞ்சு தடவை அவன் தன்னைப் பத்தியே பேசறான். லூசிபர், அதாவது சாத்தான், விழுந்த கதை அதுதான். இதுல என்ன குழப்பம்?

பழையஏடு

குழப்பம் இருக்கிறது நண்பரே. அந்த அதிகாரத்தின் 4-ஆம் வசனத்தைப் பாருங்கள். அது பாபிலோன் ராஜாவைப் பற்றிய பாடல் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. எசேக்கியேல் 28-ம் அப்படித்தான், அது தீரு ராஜாவைப் பற்றிய புலம்பல். இவற்றைச் சாத்தானோடு சேர்த்து வாசித்தவர்களில் முக்கியமானவர் 3-ஆம் நூற்றாண்டு வேத விளக்க ஆசிரியர் ஆரிஜன். அந்த வாசிப்பு பிறகு சபை முழுக்கப் பரவியது. 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் தன் ஏசாயா விளக்கவுரையில் இது அறியாமையால் வந்த விளக்கம் என்று ஒரே போடாகப் போட்டார். அவர் வழி வந்த சபைகளிலும் பல போதகர்கள் இன்றும் லூசிபர் பிரசங்கத்தை விடுவதில்லை, அது வேறு கதை.

ஆதியாகமம் 3-இல் சாத்தான் என்ற பேச்சே கிடையாது. பாம்பு, கர்த்தர் உண்டாக்கிய காட்டு ஜீவன்களில் ஒன்று, தந்திரமுள்ளது, அவ்வளவுதான். பாம்பையும் பிசாசையும் நேராக இணைப்பது வெளிப்படுத்தல் 12:9-உம் 20:2-உம். கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள சாலமோனின் ஞானம் 2:24, பிசாசின் பொறாமையால் மரணம் உலகத்துக்குள் வந்தது என்கிறது.

அந்தக் காலத்து யூதர்களிடம் வேறு கதைகளும் இருந்தன. ஏனோக்கின் புத்தகத்தில் 200 தூதர்கள் எர்மோன் மலையில் இறங்குகிறார்கள். அங்கே கேடு தொடங்குவது ஏதேனில் அல்ல, தேவகுமாரர் மனிதப் பெண்களை மணந்ததாகச் சொல்லும் ஆதியாகமம் 6-இல். ஆதாம் ஏவாளின் வாழ்க்கை என்ற பழைய நூலில், தேவசாயலான ஆதாமை வணங்கச் சொன்னபோது சாத்தான் மறுத்ததால் தள்ளப்படுகிறான். ஆக, தொடக்கத்தில் கிறிஸ்தவர்களிடம் ஒரே கதை இருக்கவில்லை. பெருமைக் கதை மற்றவற்றை முந்திக்கொண்டது.

சரி, எசேக்கியேல் 28 சாத்தானைப் பற்றியதுதான் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே என்ன இருக்கிறது? படைக்கப்பட்ட நாள் முதல் அவன் குறையற்றவனாக இருந்தான், அவனிடம் அநியாயம் காணப்படும் வரைக்கும். காணப்பட்டது என்பதோடு சரி. எப்படி அங்கே வந்தது என்று எசேக்கியேலும் சொல்லவில்லை. கேள்விக்குறி கேட்டது அப்படியேதான் நிற்கிறது.

மெழுகுவர்த்தி

இதில் திருச்சபை எதைச் சொல்லியிருக்கிறது, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்று பார்த்தால் உதவும் என நினைக்கிறேன்.

1215-இல் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் ஒரு வரி எழுதியது: அலகையையும் (சாத்தானையும்) மற்ற பேய்களையும் கடவுள் இயல்பில் நல்லவையாகவே படைத்தார், அவை தாங்களாகவே தீயவை ஆயின. இது யாருக்கு எதிராக எழுதப்பட்டது என்பது முக்கியம். அப்போது காத்தர்கள் என்ற பிரிவினர், நல்ல கடவுள் ஒருவர், தீய மூலம் வேறொன்று என்று போதித்துக்கொண்டிருந்தார்கள். சங்கம் அந்தக் கதவை அடைத்தது. தீமைக்கென்று ஒரு தனிக் கடவுள் கிடையாது. "தாங்களாகவே" எப்படி என்று விளக்க அது முன்வரவில்லை.

13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் புனித தோமா அக்குவினா இதையே காலக்கணக்கில் யோசித்தார். அலகை படைக்கப்பட்ட முதல் நொடியிலேயே பாவம் செய்திருக்க முடியாது, அப்படியானால் பழி படைத்தவர் மேல் விழும். ஆனால் அந்த முதல் நொடி கழிந்த உடனேயே விழுந்தது என்பதுதான் கூடுதலாகப் பொருந்துகிறது என்றார். ஆயிரமாண்டு விண்ணகத்தில் பாட்டுப் பாடி, பிறகு மெல்ல மெல்லப் பொறாமை வளர்ந்தது என்கிற மாதிரி அவர் கற்பனை செய்யவில்லை. தூதருக்கு நம்மைப்போல் தயங்கித் தயங்கி யோசிக்கிற அறிவு இல்லை. ஒரே பார்வையில் முழுக்கத் தெரிந்து, ஒரே முடிவாக எடுப்பது அவர்கள் இயல்பு. மனந்திரும்ப வழியில்லாமல் போனதும் அதனால்தான்.

ஐயப்பாடு

நம்பிக்கை இல்லாதவன் நான். ஆனாலும் இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும், அதனால் வருகிறேன்.

அக்கா, நீங்கள் சொன்னது சிக்கலைக் குறைக்கவில்லை, கூட்டிவிட்டது. ஏவாளையாவது யாரோ ஏமாற்றினார்கள். பசி, ஆசை, அரைகுறை அறிவு என்று அவளுக்கு ஆயிரம் சாக்கு உண்டு. தூதனுக்கு உடம்பு இல்லை, ஆசை காட்ட ஆள் இல்லை, அறிவில் குறைவில்லை. கண்ணெதிரே எல்லையற்ற நன்மை. அதை விட்டு அவன் திரும்புகிறான் என்றால் அது மனிதன் விழுந்ததைவிட நூறு மடங்கு புரியாத காரியம். மனிதன் ஏன் விழுந்தான் என்று கேட்டதற்கு, அதைவிடப் புரியாத ஒன்றைக் காட்டி "இதனால்தான்" என்றால் அது எப்படி விளக்கமாகும்?

கேள்விக்குறி

இதைத்தான் நான் முதல் பதிவுலயே சொல்ல நினைச்சேன். எனக்கு இவ்வளவு தெளிவா வரல.

பழையஏடு

ஐயப்பாடு தொட்ட இடத்தை, மேற்குச் சபையின் பெரிய ஆசிரியரான ஆயர் அகஸ்டின் நன்றாக அறிந்திருந்தார். இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் இளவயதில் ஏறக்குறைய 9 ஆண்டுகள் மானியின் மதத்தில் இருந்தவர். அங்கே இந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் இருந்தது: ஒளியும் இருளும் என்றென்றைக்கும் இருக்கிற இரண்டு மூலங்கள், நமக்குள் இருக்கிற இருள்தான் பாவம் செய்கிறது. அது வசதியான பதிலும்கூட. நான் செய்யவில்லை, என்னுள் இருக்கிற வேறொன்று செய்தது என்று சொல்லிவிடலாம். அதிலிருந்து வெளியே வந்தபிறகுதான் தீமை என்பது தனிப்பொருள் அல்ல, இருக்கவேண்டிய நன்மை இல்லாமல்போன நிலை என்ற முடிவுக்கு வந்தார். குருடு என்று ஒரு பொருள் கண்ணுக்குள் நுழைவதில்லை. இருக்கவேண்டிய பார்வை இல்லை, அதைத்தான் குருடு என்கிறோம்.

413-க்கும் 426-க்கும் இடையில் எழுதிய தேவனுடைய நகரம் நூலின் 12-ஆம் புத்தகத்தில் நம் கேள்வியை நேராகவே எடுக்கிறார். அங்கே ஒரு சோதனை வைக்கிறார். உடலாலும் மனதாலும் ஒரேபோல இருக்கிற இரண்டு பேர். இருவரும் ஒரே அழகான உடலைப் பார்க்கிறார்கள். ஒருவன் தகாத ஆசையில் விழுகிறான், மற்றவன் தன் நிலையில் நிற்கிறான். காரணம் என்ன? பார்க்கப்பட்ட அழகா? அதை இருவரும்தான் பார்த்தார்கள். விழுந்தவனின் உடலா, மனமா? இரண்டும் இருவருக்கும் ஒன்று என்று முன்பே வைத்துக்கொண்டோம். ஏதோ ஒரு கெட்ட ஆவி இரகசியமாகத் தூண்டியதா? அப்படியே வைத்தாலும் அந்தத் தூண்டலுக்கு ஒருவன் மட்டும் இணங்கினானே, அந்த இணக்கம் எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு காரணமாக எடுத்து எடுத்துத் தள்ளிவிட்டு, தீய சித்தத்தை உண்டாக்கிய காரணத்தை யாரும் தேடவேண்டாம், அது உண்டாக்கப்பட்டது அல்ல, குறைந்துபோனது என்கிறார். அதைத் தேடுவது இருட்டைக் கண்ணால் பார்க்கவும் மௌனத்தைக் காதால் கேட்கவும் முயல்வது போன்றதாம்.

இதே மனிதர்தான் அதற்குப் பல ஆண்டுகள் முன்பு, தன் 16 வயதில் கூட்டாளிகளோடு பேரிக்காய் திருடியதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார். பசி இல்லை. வீட்டில் இதைவிட நல்ல பழம் இருந்தது. பறித்ததில் பெரும்பகுதியைப் பன்றிக்குத்தான் எறிந்தார்கள். பிறகு ஏன் திருடினேன் என்று தோண்டுகிறார், தோண்டுகிறார், காரணம் அகப்படவே இல்லை. தனியாக இருந்திருந்தால் செய்திருக்கமாட்டேன் என்பது மட்டும் கிடைக்கிறது. கொலையையோ விபசாரத்தையோ எடுக்காமல் இந்த அற்பத் திருட்டை அவர் எடுத்ததற்குக் காரணம் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. பெரிய பாவங்களுக்கெல்லாம் லாபம் என்ற ஒரு விளக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். இதற்கு அது இல்லை. தூதனின் பாவத்துக்கு மனித வாழ்வில் கிடைக்கிற மிக நெருக்கமான உதாரணம் அந்தப் பேரிமரம்தான்.

ஐயப்பாடு

அழகாக எழுதுகிறீர்கள் ஐயா. ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது.

ஒன்று. "காரணம் தேடாதே" என்பது பதில் இல்லை. கேள்வியை மூடுகிற மரியாதையான வழி. காரணமே இல்லாமல் நடந்தது என்றால் அது தற்செயல். தற்செயலாக நடந்ததற்கு யாரைத் தண்டிப்பது?

இரண்டாவது இதைவிடப் பெரியது. அதே 12-ஆம் புத்தகத்தில் மூன்று அத்தியாயம் தாண்டிப் படியுங்கள். நின்ற தூதர்களையும் விழுந்த தூதர்களையும் ஒப்பிட்டு, ஒன்று விழுந்தவர்கள் குறைவான கிருபையைப் பெற்றிருக்கவேண்டும், அல்லது இருவரும் சமமாகப் படைக்கப்பட்டிருந்தால் நின்றவர்களுக்குக் கூடுதல் உதவி கிடைத்திருக்கவேண்டும் என்று அவரே எழுதுகிறார். அப்போது வித்தியாசம் யாருடைய கையில் இருந்தது? கேட்டதற்குப் பதிலை அங்கேயே எழுதிவைத்துவிட்டார், உரக்கச் சொல்லத்தான் மனம் வரவில்லை.

சும்மாவந்தவன்

அடேங்கப்பா. இது எனக்குத் தெரியாது.

சீர்திருத்தன்

ஐயப்பாடு சரியான இடத்தைப் பிடித்தார். கால்வின் வழி வந்த எங்கள் சபைகள் அதை உரக்கவே சொல்கின்றன, அதனால்தான் எல்லோரிடமும் திட்டு வாங்குகிறோம்.

வேதம் இதில் நாம் நினைப்பதைவிடத் துணிச்சலானது. தாவீது ஜனத்தைத் தொகையிட்டது பாவம் என்று எண்ணப்பட்டது. அதற்கு அவனை ஏவியது யார்? 2 சாமுவேல் 24:1-இன்படி, இஸ்ரவேல்மேல் கோபம் மூண்ட கர்த்தர். 1 நாளாகமம் 21:1-இன்படி சாத்தான். ஒரே சம்பவம். நாளாகமக்காரர் சங்கடப்பட்டு மாற்றிவிட்டார் என்று சில ஆராய்ச்சியாளர்கள் சொல்லலாம். நாங்கள் இரண்டையும் சேர்த்து வாசிக்கிறோம். ஒரே செயலில் தேவன், சாத்தான், தாவீது மூவரும் இருக்கிறார்கள், மூன்று வெவ்வேறு நோக்கங்களோடு. யோபுவிலும் சாத்தான் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் போகிறான். யோசேப்பு தன் அண்ணன்மாரிடம் சொன்னதும் இதுதான்: நீங்கள் தீமை நினைத்தீர்கள், அதையே தேவன் நன்மைக்கென்று நினைத்தார்.

ஆகவே வீழ்ச்சி தேவனுடைய நித்திய தீர்மானத்துக்கு வெளியே நடந்த விபத்து அல்ல. எங்கள் சபைகளின் 1646-இன் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை 3-ஆம் அதிகாரத்தில், நடப்பது எதுவோ அதையெல்லாம் தேவன் நியமித்தார், ஆயினும் அவர் பாவத்துக்குக் காரணர் அல்ல என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறது. கால்வினும் மனிதன் தேவனுடைய ஏற்பாட்டின்படியே விழுகிறான், ஆனால் தன் குற்றத்தாலேயே விழுகிறான் என்று எழுதினார். இந்தத் தீர்மானம் பயங்கரமானது என்று எழுதியவரும் அவரேதான். அது அவருக்கு இனித்தது என்று நினைக்கவேண்டாம்.

எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு. தேவன் வீழ்ச்சியைத் தீர்மானித்துவிட்டு, விழுந்தவர்களிலிருந்து சிலரைத் தெரிந்துகொண்டாரா, அல்லது தெரிந்துகொள்ளுதல் முதலில் வந்து, அதற்கு இடமாக வீழ்ச்சி தீர்மானிக்கப்பட்டதா? 1618-19-இல் நெதர்லாந்தில் கூடிய டார்ட் சபை மாநாட்டுக்கு இரண்டு தரப்பும் போயிருந்தது. மாநாட்டின் எழுத்து முதல் தரப்பின் பக்கம் சாய்ந்தாலும் மற்றவர்களை வெளியே தள்ளவில்லை.

மெழுகுவர்த்தி

சகோதரரே, நியமித்தவர் ஆனால் காரணர் அல்ல என்று சொன்னால் நீதிமன்றத்தில் எந்த வழக்கறிஞராவது ஒப்புக்கொள்வாரா? யாக்கோபு 1:13 அவ்வளவு தெளிவாக இருக்கிறதே. கடவுள் ஒருவரையும் சோதிப்பதில்லை. ஆசை கருத்தரித்துப் பாவத்தைப் பெறுகிறது என்று அங்கேயே வம்சாவளியும் எழுதியிருக்கிறது.

சீர்திருத்தன்

யாக்கோபு ஆசையோடு நிறுத்திக்கொள்கிறார் அக்கா. அந்த ஆசை எங்கிருந்து என்பதுதானே இந்த இழை. அதோடு, உங்கள் அக்குவினாவும் என்னிடமிருந்து அதிகத் தூரத்தில் இல்லை. பாவச் செயலில் செயல் என்கிற அம்சம் முழுக்கத் தேவனிடமிருந்து வருகிறது, குறை மட்டும் சிருஷ்டியிலிருந்து வருகிறது என்று அவர் சொல்லவில்லையா?

மெழுகுவர்த்தி

சொன்னார். நொண்டி நடப்பவனை உதாரணம் காட்டினார். நடக்கிற அசைவு உயிராற்றலிலிருந்து வருகிறது, நொண்டல் வளைந்த காலிலிருந்து. அசைவுக்கு உயிர் காரணம், நொண்டலுக்கு அல்ல. ஆனால் தோமா அனுமதித்தார் என்கிறார், நீங்கள் தீர்மானித்தார் என்கிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல.

ஐயப்பாடு

காலை வளைத்தது யார் என்று யாரும் கேட்கமாட்டீர்களா?

அனுமதி, தீர்மானம் என்ற வித்தியாசமும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. விழுவான் என்று முன்பே தெரியும், தடுக்க முடியும், தடுக்கவில்லை, படைக்காமலும் இருக்கவில்லை. சீர்திருத்தன் சொல்வது எனக்குக் கொடூரமாகப் படுகிறது. ஆனால் அவர் கணக்கைக் கடைசிவரை போட்டுவிட்டார். மற்றவர்கள் கடைசிக்கு முந்தின வரியில் பேனாவை வைத்துவிடுகிறீர்கள்.

கீழைக்காற்று

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எல்லோரும் மேற்குப் பக்கத்திலேயே நிற்கிறீர்கள். அகஸ்டினைத் தாண்டினால் அக்குவினா, அக்குவினாவைத் தாண்டினால் கால்வின். கிழக்குச் சபைகளில் இந்தக் கதையின் தொடக்கமே வேறு.

2-ஆம் நூற்றாண்டு ஆயர் ஐரேனியஸ், ஆதாமையும் ஏவாளையும் முழுமை பெற்ற மேதைகளாகப் பார்க்கவில்லை. குழந்தைகளாகப் பார்த்தார். தேவன் ஏன் மனிதனை ஆதியிலேயே பூரணனாகப் படைக்கவில்லை என்ற கேள்வியை அவரே எடுக்கிறார். பதில்: தேவனால் முடியும், ஆனால் அப்போதுதான் உண்டான மனிதனால் அதை வாங்கிக்கொள்ள முடியாது. பெரியவர்கள் உண்பதைத் தாயால் சிசுவுக்குக் கொடுக்க முடியும், சிசுவால் அதைத் தாங்க முடியாது. நிறைவு என்பது வளர்ந்து சேரவேண்டிய இடம். ஆதாம் உச்சியிலிருந்து விழவில்லை, பாதையின் தொடக்கத்திலேயே அவசரப்பட்டு இடறினான்.

இப்படி வாசித்தால் முதல் பாவம் அவ்வளவு புரியாத புதிராக இருப்பதில்லை. பூரணமான ஒருவன் ஏன் விழுந்தான் என்பதுதான் புதிர். முதிராத ஒருவன் ஏன் ஏமாந்தான் என்பது புதிரே அல்ல. இருபதாம் நூற்றாண்டில் தத்துவவாதி ஜான் ஹிக் 1966-இல் எழுதிய நூலில் இந்த நூலிழையைப் பிடித்துத்தான் உலகத்தை ஆன்மா உருவாகும் இடமாக விளக்கினார். ஆனால் ஹிக் போன தூரத்துக்கு ஐரேனியஸ் போகவில்லை. அவருக்குக் கீழ்ப்படியாமை கீழ்ப்படியாமைதான், வளர்ச்சியின் ஒரு கட்டம் அல்ல.

பழையஏடு

நல்ல குறிப்பு. ஆனால் ஐரேனியஸ் மனிதனுக்குத்தான் பதில் தருகிறார். சாத்தானுக்கு? அவன் மனிதன்மேல் பொறாமைப்பட்டான் என்று மட்டும் சொல்லிப் போகிறார். பொறாமைக்கு முன்னால் போகவில்லை.

கேள்விக்குறி

கீழைக்காற்று, உங்ககிட்ட ஒண்ணு. இழைக்கு வெளியேன்னாலும் ஒட்டிக்கிட்டே வருது. முதல் பாவம் எப்படியோ வந்துச்சு. அது நமக்கு எப்படி வந்துச்சு? எசேக்கியேல் 18:20 குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லைன்னு சொல்லுது. ஜென்ம பாவம்னா பிறந்த குழந்தை குற்றவாளியா?

கீழைக்காற்று

எங்களிடம் சுருக்கமான பதில்: சாவைச் சுதந்தரிக்கிறோம், சாவுக்குரிய பலவீனத்தைச் சுதந்தரிக்கிறோம், ஆதாமின் குற்றத்தை அல்ல. ரோமர் 5-ஐ விளக்கும்போது கிழக்குச் சபையின் பழைய போதகர் யோவான் கிறிசோஸ்தொம், ஒருவன் கீழ்ப்படியாததால் இன்னொருவன் எப்படிப் பாவியாக முடியும் என்று வெளிப்படையாகவே கேட்கிறார். அங்கே பாவிகள் என்பதைத் தண்டனைக்கும் சாவுக்கும் உட்பட்டவர்கள் என்று எடுத்துக்கொள்கிறார்.

மெழுகுவர்த்தி

மேற்கிலும் எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை. பெலாஜியு என்ற துறவி, ஆதாம் நமக்குக் கெட்ட முன்மாதிரி, அவ்வளவுதான் என்ற பக்கம் போனார். 418-இல் கார்த்தேஜ் சங்கம் அதைத் தள்ளியது. (அவர் ஆத்திரப்பட்டது அகுஸ்தீனாரின், அதாவது அகஸ்டினின், ஒரு செபத்தைக் கேட்டுத்தான்: நீர் கட்டளையிடுவதை நீரே தாரும், பிறகு விரும்பியதைக் கட்டளையிடும். ஒழுங்காக வாழ மக்களை உலுக்கிக்கொண்டிருந்த துறவிக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.) திருமுழுக்குப் பெறாமல் இறக்கும் குழந்தைகளுக்கு மிக இலேசானதாயினும் தண்டனை உண்டு என்று அகுஸ்தீனார் போனது எனக்கு இன்றும் தொண்டையில் நிற்கிறது. இடைக்காலத்தில் அதைத் தணிக்க வந்ததுதான் லிம்போ, அதாவது வேதனையும் இல்லாத, கடவுளின் காட்சியும் இல்லாத ஒரு நிலை, என்ற கருத்து. 2007-இல் வத்திக்கானின் இறையியல் குழு, அந்தக் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்ப இடமுண்டு என்று எழுதியது.

இன்று கத்தோலிக்க மறைக்கல்வி நூல், பிறப்புநிலைப் பாவம் நாம் செய்த பாவம் அல்ல, நம்மை வந்தடைந்த நிலை, ஒப்புமைப் பொருளில்தான் அதைப் பாவம் என்கிறோம் என்று சொல்கிறது. திருமுழுக்குக்குப் பிறகும் எஞ்சுகிற தீய நாட்டம் பாவமே அல்ல, பாவத்துக்கு இழுப்பது மட்டும்தான் என்று 1546-இல் திரெந்து சங்கம் சொன்னது.

சீர்திருத்தன்

அந்த நாட்டமே மெய்யான பாவம் என்பதுதான் எங்கள் பக்கம். 1530-இன் ஆக்ஸ்பர்க் அறிக்கையில் லூத்தரன்களும் அதைத்தான் சொன்னார்கள். இதற்குள் போனால் வெளியே வரமுடியாது, விட்டுவிடுவோம்.

ஐயப்பாடு

ஆம், திரும்புவோம். எனக்கு ஒரு கேள்விதான் மிச்சம், இதற்கு நல்ல பதிலை நான் இதுவரை பார்த்ததில்லை.

பரலோகத்தில் மீட்கப்பட்டவர்கள் இருப்பார்கள். அங்கே அவர்களுக்குச் சுயாதீனம் உண்டா? உண்டு என்கிறீர்கள். அங்கே அவர்கள் மறுபடியும் விழுவார்களா? மாட்டார்கள் என்கிறீர்கள். அப்படியானால் சுயாதீனமும் உண்டு, பாவமும் இல்லை என்ற ஒரு நிலை சாத்தியம். தேவன் ஏன் முதலிலேயே அதைப் படைக்கவில்லை?

1955-இல் தத்துவவாதி ஜே. எல். மேக்கி கேட்டதும் இதன் உறவுக்காரக் கேள்விதான்: மனிதன் சில வேளைகளில் சுயமாக நன்மையைத் தெரிந்துகொள்ள முடியுமென்றால், எப்போதும் அப்படியே செய்கிறவர்களை ஏன் படைத்திருக்கக்கூடாது? 1974-இல் கிறிஸ்தவத் தத்துவவாதி பிளான்டிங்கா அதற்குப் பதில் சொன்னார். எவரைப் படைத்தாலும் அவர் எங்காவது ஓரிடத்தில் சுயமாகவே தவறுவார் என்ற நிலை இருந்திருக்கக்கூடும், அப்படியிருந்தால் பாவமில்லாத சுயாதீன உலகம் தேவனின் கையில் இல்லை என்று காட்டினார். தர்க்கமாக அது நிற்கிறது என்று நம்பிக்கையில்லாதவர்களே பலர் ஒப்புக்கொண்டார்கள், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது "இருந்திருக்கக்கூடும்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பரலோகத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கேள்விக்குறி

இது சரியான அடி.

பழையஏடு

அகஸ்டின் இதையும் விடவில்லை. தேவனுடைய நகரத்தின் கடைசி அத்தியாயத்தில் இரண்டு சுயாதீனங்களைப் பிரிக்கிறார். ஆதாமுக்குக் கிடைத்தது பாவம் செய்யாமல் இருக்க முடிகிற சுயாதீனம். முடிவில் கிடைப்பது பாவம் செய்யவே முடியாத சுயாதீனம். இரண்டாவது குறைவானது அல்ல, கூடுதலானது. தேவனால் பாவம் செய்ய முடியாது, அதற்காக அவர் சுயாதீனமில்லாதவரா என்று கேட்கிறார். முதலாவது தகுதியைச் சம்பாதிக்கிற இடம், இரண்டாவது பலனைப் பெறுகிற இடம் என்பது அவர் வரிசை.

ஐயப்பாடு உடனே, சம்பாதிக்காமலே கொடுத்திருந்தால் என்ன என்பார். ஐரேனியஸின் பதிலைத்தான் நான் அங்கே வைப்பேன். சிலவற்றைக் கையில் கொடுக்க முடியாது. விசுவாசமாய் நின்ற ஒருவனை, நின்றவனாகவே படைக்க முடியாது. நிற்கக்கூடியவனைத்தான் படைக்க முடியும். நின்றான் என்பதற்கு ஒரு கடந்தகாலம் வேண்டும், கடந்தகாலத்தோடு ஒருவனைப் படைத்தால் அது பொய்யான கடந்தகாலம்.

ஐயப்பாடு

இது நான் இதுவரை கேட்டதில் நல்ல பதில். மறுக்கவில்லை. ஆனால் பிறந்த அன்றே இறந்துபோகிற குழந்தைக்கு எந்தக் கடந்தகாலம்? அதுவும் நிற்காமலேயே போய்ச் சேர்கிறது, மெழுகுவர்த்தி அக்கா சொன்ன நம்பிக்கையின்படி. அப்போது ஒருத்தருக்காவது கொடுக்க முடிந்திருக்கிறது.

மெழுகுவர்த்தி

அந்தக் குழந்தைக்குக் கிடைப்பது கிறிஸ்து சம்பாதித்தது. அவர் நின்றார், சோதனையில் நின்றார், நின்ற கடந்தகாலம் அவருக்கு உண்டு. அதில் பங்கு பெறுகிறோம் என்பதுதான் எங்கள் நம்பிக்கையே. உங்களுக்கு இது தப்பித்தல் மாதிரி தெரியலாம் தம்பி. எங்களுக்கு இதுதான் கதையின் நடு.

ஐயப்பாடு

தப்பித்தல் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது தூதனுக்கு உதவாது. அவன் யார் சம்பாதித்ததிலும் பங்கு பெறவில்லை.

பழையஏடு

தூதனுக்கென்றே ஒரு நூல் உண்டு. 11-ஆம் நூற்றாண்டில் துறவி அன்செல்ம் எழுதிய "பிசாசின் வீழ்ச்சி பற்றி". ஆசிரியரும் மாணவரும் பேசுவதாக அமைந்தது. மாணவன் நம் ஐயப்பாடு மாதிரிதான், விடுவதே இல்லை. நிலைத்திருக்கும் வரத்தைத் தேவன் கொடுக்காததால்தானே தூதன் வாங்கவில்லை என்று தொடக்கத்திலேயே பிடிக்கிறான்.

அன்செல்மின் கட்டுமானம் இது. சித்தத்துக்கு இரண்டு நாட்டங்கள்: தனக்கு நலமானதை விரும்புவது, நீதியானதை நீதி என்பதற்காகவே விரும்புவது. இரண்டும் தேவன் கொடுத்தவை, இரண்டும் நல்லவை. முதலாவது மட்டும் இருந்தால் தூதன் தனக்கு நலமானதைக் கட்டாயமாக விரும்புவான், அதில் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. இரண்டாவது மட்டும் இருந்தாலும் அப்படியே. இரண்டும் சேர்ந்து இருக்கும்போதுதான் அவன் தன்னிலிருந்தே ஒன்றைச் செய்ய இடம் உண்டாகிறது. ஆக, பாவத்துக்கு வேண்டிய பொருள்கள் எல்லாமே நல்லவை. கெட்ட விதை எதுவும் எங்கும் தேவைப்படவில்லை. கேள்விக்குறி முதல் பதிவில் கேட்டதில் பாதிக்கு இது பதில் என்று நினைக்கிறேன்.

மீதிப் பாதியை மாணவன் 27-ஆம் அத்தியாயத்தில் கேட்கிறான்: சரி, தகாததை அவன் ஏன் விரும்பினான்? ஆசிரியர்: விரும்பினான் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அந்த விருப்பமே தனக்குக் காரணம்.

சீர்திருத்தன்

கடைசியில் அகஸ்டின் நின்ற அதே இடம்.

பழையஏடு

முழுக்க அதே இடம் அல்ல. அகஸ்டின் அதை வெறும் குறைவு என்று சொல்லி, உண்டாக்கிய காரணத்தைத் தேடவேண்டாம் என்றார். அன்செல்ம் அதைச் சித்தத்துக்குள்ளேயே வைக்கிறார். ஒரு செயலுக்கு அதைச் செய்தவனைத் தாண்டி வேறொரு காரணம் உண்டு என்று காட்டிவிட்டால், அதற்குப் பிறகு அவனைக் குற்றவாளி என்று சொல்ல முடியாது. விளக்கம் முழுமையாகும்போது பாவம் மறைந்துவிடும், வெறும் விளைவு மட்டும் மிஞ்சும். ஆகவே ஐயப்பாடு கேட்கிற மாதிரியான பதில் கிடைத்தால் அது பாவத்தின் தொடக்கத்துக்கான பதிலாக இருக்காது. பாவம் என்று ஒன்று இல்லை என்பதற்கான பதிலாக இருக்கும்.

ஐயப்பாடு

ஒருவேளை இல்லை என்பதுதான் சரியோ என்னவோ. நான் அந்தப் பக்கம்தானே நிற்கிறேன்.

ஆனாலும் அதற்கு என்ன விலை என்பதை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. பாவத்தோடு பொறுப்பும் போய்விடும், அதை நான் அவ்வளவு சுலபமாக விடத் தயாரில்லை. இதை யோசிக்கவேண்டும்.

கேள்விக்குறி

நீங்க யோசிங்க. எனக்கு அன்செல்ம் சொன்ன அந்த ரெண்டு நாட்டம் போதும், அதை வச்சு நான் ஒரு மாதிரி ஓட்டிடுவேன். "விரும்பினான், அதனால விரும்பினான்"ங்கறது மட்டும் இன்னும் உள்ள இறங்கல. கீழைக்காற்று, தூதர்களைப் பத்தி உங்க பக்கம் யாராவது எழுதியிருந்தா போடுங்க.

கீழைக்காற்று

4-ஆம் நூற்றாண்டு ஆயர் நிசாவின் கிரிகோரியில் இருக்கிறது. பூமியை ஒப்படைக்கப்பட்ட தூதன், மண்ணிலிருந்து எடுத்த மனிதனுக்கு தேவசாயல் கிடைத்ததைப் பொறுக்கமாட்டாமல் திரும்பினான் என்பார். அதைத் தனிப் பதிவாகவே எழுதித் தருகிறேன், நாளைவரை பொறுங்கள்.